சுவரும் சித்திரமும்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. உண்ணாமல் உறங்காமல் புத்தகத்திலேயே மூழ்கிக் கிடக்கும் பெண்ணைப் பார்த்து, உடம்பைப் பேணிக்கொள் என்பதற்காகச் சொல்லும் சொல் அது. ஆனால் அதற்கு ஒரு நேர்ப்பொருளும் உண்டு என்பதை நம் பள்ளி வாசலில் அமலோற்பவ அன்னையின் படத்தை எழுதுவித்த பின்னரே சித்திர மன்றத்தினராகிய நாங்கள் உணர்ந்தோம். அந்தப் படத்தின் கீழ்ப்பகுதி உரிந்து விழுந்ததை வந்து போகும் அனைவரும் பார்த்திருக்கிறீர்கள். பெற்றோர் பலர் எங்களிடமே கேட்டுமிருக்கிறார்கள். நடந்ததை ஒளிக்காமல் எழுதுவதோடு, சுவர்ச்சித்திரம் எழுதுவிக்க விரும்பும் எவரும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றையும் இங்கே படிப்போம். வீட்டுக் கூடமானாலும் கடை முகப்பானாலும் பள்ளியானாலும் விஷயம் ஒன்றுதான்.

முதலில் பழைய கதை ஒன்று. இத்தாலி நாட்டின் மிலான் நகரில் புனித சாமிநாதர் சபைத் துறவியரின் மடம் ஒன்று உண்டு. அருள்நிறை அன்னையின் பெயரால் அமைந்தது. அந்த மடத்து உணவறைச் சுவரில் நம் ஆண்டவரின் கடைசி இராப்போசனத்தை எழுதித் தருமாறு மிலான் பிரபு லுதோவிக்கோ ஸ்போர்சா, லியனார்டோ டாவின்சியிடம் கேட்டார். ஏறத்தாழ 1495இல் தொடங்கி 1498 வாக்கில் படம் முடிந்தது. 29 அடி அகலம், 15 அடி உயரம். நம் வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோமே, அந்தப் படத்தின் மூலம் இதுதான்.

இதில் எழுதுவித்தவருக்கும் எழுதியவருக்கும் இடையே என்ன நடந்தது என்பதை வசாரி என்னும் பழைய நூலாசிரியர் சுவையாகச் சொல்கிறார். லியனார்டோ சில நாட்கள் தூரிகையைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். மடத்துத் தலைவருக்கு இது பொறுக்கவில்லை. தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவனைப் போல ஓவியனும் விடாமல் கையை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பிரபுவிடம் போய் முறையிட்டார். லியனார்டோவோ, "யூதாசின் முகத்துக்கு ஏற்ற ஆள் இன்னும் கிடைக்கவில்லை, அப்படியே கிடைக்காமல் போனால் மடத்துத் தலைவரின் முகம் இருக்கவே இருக்கிறது" என்ற கருத்துப்பட விடை சொன்னாராம். பிரபு வாய்விட்டுச் சிரித்தார். தலைவர் அதன்பின் தோட்ட வேலையைக் கவனிக்கப் போய்விட்டார். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, "இன்னும் முடியவில்லையா?" என்று நாளொரு முறை கேட்பவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள் என்பது மட்டும் தெரிகிறது. நாங்களும் கேட்டோம்.

ஆனால் அந்தப் படம் நெடுநாள் நிலைக்கவில்லை. எழுதி 20 ஆண்டுகளுக்குள்ளேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. காரணம் என்ன? அதை அறிய அக்காலத்தில் சுவரில் எப்படி எழுதினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வேதியியல் பாடத்துக்கும் இது உதவும்.

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் இட்டுச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடுகிறது. சுற்றிச் சுற்றி வந்து பிறந்த வீட்டுக்கே சேரும் பெண்ணைப் போல! இந்தப் பூச்சு ஈரமாயிருக்கும்போதே, வெறும் தண்ணீரில் குழைத்த வண்ணத்தை அதன்மேல் தீட்டினால், சுவர் கல்லாக இறுகும்போது வண்ணமும் அதற்குள் சிறைப்பட்டுவிடும். பசை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். இத்தாலியர் இதை ஃப்ரெஸ்கோ என்பர்; புதிது, ஈரம் காயாதது என்று பொருள். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்களே இதற்கு ஆகும். காவி மண்ணும் மஞ்சள் மண்ணும் தாங்கும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பூச்சு காய்வதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். ஆகவே கொத்தனார் காலையில் அன்றைக்கு எழுதக்கூடிய அளவுக்கு மட்டுமே பூசுவார். மாலைக்குள் ஓவியர் அதை முடிப்பார். மறுநாள் அதை ஒட்டி இன்னொரு துண்டு. கவனித்துப் பார்த்தால் அந்த ஒரு நாள் துண்டுகளின் ஓரக்கோடுகள் பழைய படங்களில் இன்றும் தெரியும். நிதானமாக நின்று நினைத்து, எழுதியதை மாற்றி மாற்றி எழுதும் பழக்கமுடைய லியனார்டோவுக்கு இந்த அவசரம் ஒத்துவரவில்லை. அவர் காய்ந்த சுவரின்மேல், முட்டை, எண்ணெய் முதலியவற்றில் குழைத்த வண்ணங்களால் எழுதினார். வண்ணம் சுவரோடு சேரவில்லை, மேலே உட்கார்ந்திருந்தது. ஈரம் ஏறியதும் எழுந்து போய்விட்டது. 1652இல் அந்த மடத்தார் அதே சுவரில் வாசல் ஒன்றை வெட்டியபோது இயேசு பிரானின் பாதங்கள் இருந்த இடமும் போயிற்று. 1943இல் போர்க்காலத்துக் குண்டு விழுந்து உணவறையின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் இடிந்தபோது, மணல் மூட்டைகளின் காவலில் படச்சுவர் மட்டும் நின்றது. பிறகு 20 ஆண்டுகளுக்கும் மேலாக வல்லுநர் அமர்ந்து அங்குலம் அங்குலமாகத் துப்புரவு செய்து 1999இல் முடித்தார்கள். எழுதியது மூன்று நான்கு ஆண்டு, காப்பாற்றியது அதைப்போலப் பல மடங்கு!

ஈரச்சுவரில் எழுதுவது நமக்கும் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடையில், இராசராசன் காலத்துச் சோழ ஓவியங்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் நாயக்கர் காலத்து ஓவியர் அவற்றின்மேல் வேறு பூச்சுப் பூசித் தம் படங்களை எழுதிவிட்டனர். மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்த சோழர் ஓவியத்தை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி என்னும் ஆய்வாளர் கண்டுபிடித்தார். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலான வண்ணம் உள்ளே உயிரோடு இருந்தது. பள்ளிக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும்போது நாம் எதையெதை மூடியிருக்கிறோமோ!

இனி, என்ன எழுதுவது என்ற கேள்விக்கு வருவோம். இங்கேதான் எழுதுவிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள்.

எங்கள் முதற்கூட்டத்தில் அன்னையின் படம் என்ற அளவில் எல்லாரும் ஒப்பினோம். பிறகு ஒவ்வொருவராகச் சேர்க்கத் தொடங்கினோம். சபையைத் தோற்றுவித்த அன்னையும் இருக்கட்டும் என்றார் ஒருவர். பள்ளிக் கட்டடம் வேண்டும் என்றார் இன்னொருவர். தேசியக் கொடி, புத்தகம் ஏந்திய சிறுமியர், விண்கலம், புறா, நெல்வயல் என்று பட்டியல் வளர்ந்தது. பெற்றோர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அச்சு அசலாக இப்படியே இருக்கட்டும்" என்றார். அது ஏதோ ஒரு தேசத்துப் பேராலயத்தின் விதானம். நம் சுவரோ 12 அடி அகலம்!

பாப்பரசர் இரண்டாம் ஜூலியஸ் மைக்கேலாஞ்சலோவிடம் சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தை 1508இல் ஒப்படைத்தபோது முதலில் கேட்டது பன்னிரு அப்போஸ்தலர்களின் உருவங்களைத்தான். அது எளிய படமாகத்தான் முடியும் என்று ஓவியர் சொன்னார். ஏன் என்று பாப்பரசர் கேட்டார். "அவர்களும் ஏழைகளாகத்தானே இருந்தார்கள்" என்று விடை சொன்னதாக மைக்கேலாஞ்சலோ பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதன்பின் விருப்பம்போல் எழுதும் உரிமை அவருக்குக் கிடைத்தது. உலகப் படைப்பு முதல் நோவாவின் கதை வரை விதானத்தில் எழுந்தது இப்படித்தான். 1512 அக்டோபர் கடைசி நாளில் அதைத் திறந்து வைத்தார்கள். அந்தப் பாப்பரசரும் பொறுமைசாலி அல்லர், ஓவியரோடு சச்சரவிட்டவர்தான். ஆயினும் தமக்குத் தோன்றியதைவிடப் பெரிதான ஒன்று எதிரிலிருப்பவருக்குத் தோன்றியபோது வழிவிட்டார். எழுதுவிப்பவரின் வேலையில் பாதி அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

அங்கும் சுவர் தன் வேலையைக் காட்டாமல் இல்லை. தொடக்கத்தில் எழுதிய பகுதியில் பூஞ்சணம் பூத்துவிட்டது. மைக்கேலாஞ்சலோ மனமுடைந்து, "ஓவியம் என் தொழில் அல்ல என்று முன்பே சொன்னேனே" என்று பாப்பரசரிடம் போய் நின்றாராம். சாந்தில் தண்ணீர் மிகுந்துவிட்டதே காரணம் என்று கட்டடக்கலை வல்லுநர் ஒருவர் கண்டு சொல்லி வேலையைத் தொடரச் செய்தார். இதை முன்பே படித்திருந்தால் எங்களுக்கு நல்லதாயிருந்திருக்கும்.

நமக்கு அண்மையிலேயே, பள்ளி ஒன்றுக்காகவே எழுதப்பட்ட சித்திரங்கள் உண்டு. மங்களூரில் சேசு சபையார் நடத்தும் புனித ஞானப்பிரகாசியார் கல்லூரியின் சிற்றாலயம் அது. இத்தாலியில் பெர்காமோ நகருக்கு அருகில் 1854இல் பிறந்த அந்தோனியோ மொஸ்கேனி, ஓவியம் கற்றுத் தேர்ந்த பின் சேசு சபையில் சகோதரராகச் சேர்ந்தவர். அவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, 1899 முதல் இரண்டாண்டுகளுக்குச் சற்று மேலாக உழைத்து அந்தச் சிற்றாலயத்தின் சுவர்களையும் விதானத்தையும் படங்களால் நிறைத்தார். விதானத்தில் ஞானப்பிரகாசியாரின் வாழ்க்கை: அரச மாளிகையின் பிள்ளை, துறவறம் பூண்டு, கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிசெய்து, இளம் வயதிலேயே உயிர் நீத்த வரலாறு. பின்சுவரின் நடுவில் குழந்தைகளின் நண்பராகிய இயேசு. பக்கங்களில் யோர்தான் நதியில் திருமுழுக்கு, கானா ஊர்த் திருமணம் முதலியவை. படிக்க வரும் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க வேண்டிய சுவரில் பிள்ளைகளின் நண்பரை வைத்தாரே, அந்தப் பொருத்தத்தை எண்ணிப் பாருங்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சுவரில் ஈரப்பூச்சின்மேல் எழுதிய அவர், விதானத்துக்குத் துணியில் எண்ணெய் வண்ணத்தால் எழுதிப் பொருத்தினார். ஒரே கட்டடத்தில் இரண்டு இடத்துக்கு இரண்டு முறை! மங்களூரின் மழை எப்படிப்பட்டது என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். பிறகு அவர் கொச்சியின் திருச்சிலுவைப் பேராலயத்துக்கு அழைக்கப்பட்டார். அங்கே அவர் கைப்பட்ட இராப்போசனப் படம் மிலான் சுவரில் உள்ளதை ஒட்டி அமைந்தது. மிலானில் உதிர்ந்துகொண்டிருந்த படம் கடல் கடந்து கொச்சியில் இன்னொரு முறை எழுந்தது என்று சொல்லலாம். அந்தப் பேராலயம் 1905 நவம்பர் 19இல் அபிஷேகம் செய்யப்பட்டது. மொஸ்கேனி அதற்கு நான்கு நாள் முன்பு கொச்சியிலேயே காலமானார்.

சபைச் சகோதரரிடம் கூலி பேச வேண்டியதில்லை. நம் ஊர் ஓவியரோ குடும்பம் நடத்துபவர். ஆகையால் பேச்சுவார்த்தையைத் தாளில் எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். எங்கள் படம் 12 அடி அகலம், 8 அடி உயரம். ஆக 96 சதுர அடி. அடிக்கு 250 ரூபாய் வீதம் 24,000 ரூபாய் என்று முடிவாயிற்று. வண்ணம் யார் வாங்குவது, சாரம் யார் கட்டுவது, சுவருக்குப் பட்டி பார்ப்பது யார், மாதிரிப் படம் காட்டிய பிறகு எத்தனை முறை திருத்தம் சொல்லலாம், ஓவியர் தம் பெயரை எங்கே எழுதுவார் என்பன எல்லாம் முன்பே பேசப்பட வேண்டியவை. தொகையை மூன்று பங்காக்கினோம். தொடங்கும்போது ஒன்று, பாதி முடிந்ததும் ஒன்று, ஒரு மழைக்காலம் தாண்டியதும் கடைசிப் பங்கு 8,000 ரூபாய். அந்தக் கடைசிப் பங்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

சின்னப் படத்தைப் பெரிய சுவரில் ஏற்றும் வழி கணக்குப் பாடமே. 12 அங்குலத்துக்கு 8 அங்குலம் உள்ள மாதிரியில் ஓர் அங்குலக் கட்டங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். சுவரில் நூல் பிடித்து ஓர் அடிக் கட்டங்கள். அங்கே ஒரு கட்டத்தில் இருப்பதை இங்கே ஒரு கட்டத்தில் எழுத வேண்டியதுதான். முகம் போன்ற நுட்பமான பகுதிக்கு வேறு முறை. தாளில் முழு அளவில் வரைந்து, கோடு நெடுகிலும் ஊசியால் துளையிட்டு, சுவரில் ஒட்டவைத்துத் துணியில் முடிந்த கரிப்பொடியால் தட்டினால் புள்ளி புள்ளியாகக் கோடு இறங்கும். மைக்கேலாஞ்சலோவும் இப்படித்தான் செய்தார். இதென்ன பெரிய வித்தை என்று தையல் வகுப்பு மாணவியர் சிரிக்கக்கூடும். பூவேலைக்கு நாம் துணியில் ட்ரேசிங் எடுப்பதும் இதேதானே!

எங்கள் ஓவியர் முதியவர். இளமையில் திரைப்பட விளம்பரப் பலகைகள் எழுதியவர். இருபதடி முகத்தையும் சாரத்தில் நின்று, தள்ளிப்போய்ப் பாராமலே அளவு பிசகாமல் எழுதுவாராம். கணினியில் அச்சிடும் ஃப்ளெக்ஸ் பலகைகள் வந்தபின் அந்தத் தொழில் நின்றுபோயிற்று. வண்டிகளுக்கு எண் எழுதியும் கடைப் பெயர்கள் எழுதியும் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். சிறுமியர் அவரை "ஓவியர் தாத்தா" என்றே அழைத்தனர்.

அவர் வந்து முதலில் பார்த்தது எங்கள் மாதிரிப் படத்தை அல்ல, சுவரை. விரலால் தட்டினார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஆவணியில்தான் சிமெண்டுப் பூச்சு புதிதாகப் பூசியிருந்தது. "மதர், இந்தச் சுவர் குடித்த தண்ணீரை இன்னும் விடவில்லை. தை பிறந்து நாலு வெயில் காய்ந்தபிறகு தொடங்கலாமே" என்றார். டிசம்பர் 8 அமலோற்பவ மாதா திருநாளன்று மேதகு ஆயர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அழைப்பிதழும் அச்சுக்குப் போய்விட்டது. முடியாது என்றோம். தரையிலிருந்து மூன்றடிக்குப் படம் வேண்டாம், பிள்ளைகள் சாய்வார்கள், எண்ணெய்த் தலை படும், கீழ் ஈரமும் ஏறும் என்றார். அன்னையின் பாதம் பாம்பை மிதிப்பது தாழ்வாகத் தெரிந்தால்தான் சிறு குழந்தைகளுக்கும் எட்டும் என்று நாங்கள் சொன்னோம். அவர் மறுபடி பேசவில்லை. ஐப்பசி மழையில் தார்ப்பாய் கட்டி அதன் கீழே எழுதினார். திருநாளன்று படம் திறந்தபோது கைதட்டல் ஓய நேரமாயிற்று. அன்னையின் நீலப் போர்வையைப் பார்த்து முதலாம் வகுப்புக் குழந்தை ஒன்று, "அம்மாவுக்குக் குளிருதா?" என்று கேட்டதை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறோம்.

அடுத்த கார்த்திகையில் கீழ்ப்பகுதி கொப்பளித்தது. முதலில் வெண்மையாக உப்புப் பூத்தது. பிறகு வண்ணம் தோல் தோலாக உரிந்தது. பாம்பு போயிற்று, பிறைநிலா போயிற்று, அன்னையின் பாதமும் போயிற்று. மிலான் மடத்துக் கதையை வகுப்பில் சொல்லும்போது நாங்கள் வேறு பக்கம் பார்க்க வேண்டியதாயிற்று.

நாங்கள் செய்தது என்ன? மலிவான வண்ணம் வாங்கியிருப்பார் என்று பேசிக்கொண்டோம். கடைசிப் பங்கான 8,000 ரூபாயை நிறுத்தி வைத்தோம். அவர் ஒருமுறை வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனதாகக் காவற்காரர் சொன்னார்.

உண்மையைக் கண்டுபிடித்தது ஒன்பதாம் வகுப்பு மாணவியர். மயிர்த்துளைக் குழாயில் நீர் தானாக ஏறும் சோதனையைச் செய்துகொண்டிருந்தவர்கள், நம் சுவரும் அப்படி ஒரு குழாய்க் கூட்டம்தானே என்று கேட்டார்கள். செங்கல்லிலும் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அடியில் ஈரம் இருந்தால் அது மேலே ஏறும். வரும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். நீர் வெளிப்பக்கம் வந்து ஆவியாகும்போது உப்பு மணிமணியாகி, மேலிருக்கும் வண்ணத்தை நெம்பித் தள்ளிவிடும். சரி, அடியில் ஏது ஈரம்? சுவரின் மறுபக்கம் போய்ப் பார்த்தார்கள். தோட்ட மன்றத்தார் சுவரை ஒட்டியே பாத்தி கட்டிக் கனகாம்பரம் வளர்த்து, காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்! அன்னைக்கு மாலை கட்டத்தான் அந்தப் பூ. கொத்தனாரை அழைத்துக் கீழ்ப்பூச்சைக் கொத்திப் பார்த்தோம். உள்ளே மண் சொதசொதவென்றிருந்தது. வண்ண டப்பாக்களின் ரசீதுகளையும் தேடி எடுத்தோம். அவர் வாங்கியது வெளிச்சுவருக்கென்றே உள்ள நல்ல ரகம்தான்.

ஓவியனுக்கும் எழுதுவிப்பவருக்கும் உள்ள உறவைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, விற்றுவிட்ட பின்னும் ஒரு படைப்பில் அதை ஆக்கியவனுக்குச் சில உரிமைகள் உண்டு என்கிறது. அதே 1957இல் தில்லி விஞ்ஞான் பவனத்துக்காக அமர்நாத் சேகல் என்னும் சிற்பியிடம் வெண்கலச் சுவர்ச்சிற்பம் ஒன்று கேட்கப்பட்டது. 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட அந்தப் படைப்பு 1979இல் அவரைக் கேளாமலே பெயர்க்கப்பட்டுச் சிதைந்தது. அவர் வழக்காடினார். 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் எஞ்சியதை அவரிடமே ஒப்படைக்கவும், 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது. பணம் கொடுத்துவிட்டோம், இனி நம் சுவர், நம் படம் என்று நினைப்பவர்கள் இதை அறிய வேண்டும். நாங்கள் பணமும் முழுதாகக் கொடுக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

தை மாதம் இரண்டாம் வாரத்தில் தலைமைச் சகோதரியுடன் எங்களில் இருவர் ஓவியர் வீட்டுக்குப் போனோம். 8,000 ரூபாயையும் கொடுத்து, தவறு எங்களுடையது என்று மதர் சொன்னார்கள். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காப்பி வரவழைத்தார். பணத்தை எண்ணிப் பார்க்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, "முகம் நன்றாக இருக்கிறதா, மதர்? முகத்தில் ஈரம் ஏறவில்லையே?" என்று கேட்டார். இல்லை, இடுப்பு வரைகூட ஏறவில்லை என்றோம்.

மறுநாளே வந்து பார்த்தார். கனகாம்பரப் பாத்தியை நாங்கள் கிணற்றடிக்கு மாற்றியிருந்தோம். கீழே கொத்திய இடத்தை அவர் இப்போதைக்குப் பூச வேண்டாம், மூச்சு விடட்டும் என்றார். ஒரு சாண் சதுர நெகிழித்தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, மறுநாள் காலை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். தாளின் உட்புறம் நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் ஆறவில்லை என்று பொருள். கீழ் மூன்றடியில் இனிப் படம் இல்லாமல் வெறும் செங்காவி அடித்துவிட்டு, அன்னையின் பாதத்தை ஓரடி மேலே ஏற்றி எழுதவும் அவரும் நாங்களும் ஒப்பியிருக்கிறோம். பாம்பு சற்றுச் சிறுத்துப்போகும். அதனால் குறையில்லை என்றார்.

ஒன்பதாம் வகுப்பு மாணவியர் முதல் வெள்ளிதோறும் நெகிழித்தாளை ஒட்டிப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வருகிறார்கள். பிப்ரவரியில் தாள் முழுதும் துளிகள். மார்ச்சில் பாதி. இந்த மாதம் இடது ஓரத்தில் மட்டும் விரலகலம்.